சந்தேகம் படிக்கப் போன சந்தர்ப்பம்

ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் படிப்பதற்காகத் துவக்கு முனையில் கையை உயர்த்திக்கொண்டு நின்ற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்தப் புண்ணியவான் மன்னாரில், பள்ளிமுனையில், என்னோடு ஒரே அறையில் குடியிருந்தார். என் தலைவிதி அப்படி.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் வெளியே வரும். மற்றப்படி காணிக் கந்தோரிலிருந்து மீன் சந்தை வரைக்கும் அவருக்குச் 'சந்தர்ப்பம்' என்றுதான் பெயர். "சொல்லுக்கு அர்த்தம் புத்தகத்தில இல்லைத் தம்பி, சந்தர்ப்பத்தில இருக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தானே தேடிக்கொண்ட பெயர் அது. நாற்பது தாண்டியவர், கலியாணம் ஆகாதவர், கந்தோரில் கிளார்க். கொளுத்துகிற வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சேட்டு. கக்கத்தில் செங்கல் பருமனில் ஓர் அகராதி.

அவருக்கு ஆங்கிலப் பைத்தியம் பிடித்த கதை என் சொந்த ஊரான நறுவிலிக்குளத்தில்தான் தொடங்கியது. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றிலிருந்து வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே காணி பார்க்க வந்தார். கந்தோர் சார்பில் இவர் கூடப் போனார். வேலை முடிந்து வாகனத்தில் ஏறும்போது வெள்ளைக்காரர் ஏதோ கேட்டிருக்கிறார். இவர் மரியாதையாக, "யெஸ் சேர், தேங்க்யூ சேர்" என்றிருக்கிறார். வாகனம் புறப்பட்டுப் போய்விட்டது. 'உங்களை இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டுமா' என்பதுதான் கேள்வி என்று பிறகு யாரோ விளங்கப்படுத்தினார்கள். மொட்டை வெயிலில் மன்னார் வரைக்கும் நடந்து வந்தவர், அடுத்த நாளே அகராதி வாங்கினார்.

வாங்கிய அகராதியோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை.

"'ரிலக்டன்ட்' எண்டா என்னெண்டு பாத்தன் தம்பி. 'அன்வில்லிங்' எண்டு போட்டிருக்கு. சரி, அதென்ன 'அன்வில்லிங்' எண்டு அங்க போனா, திரும்ப 'ரிலக்டன்ட்'டிட்டப் போகச் சொல்லுது. எங்கட கந்தோரில சனத்தை மேசைக்கு மேசை அலைக்கிற மாதிரி."

"மனமில்லை எண்டதுதான் அண்ணை அர்த்தம்."

"அது நீங்கள் சொல்லுறியள். நான் இன்னும் காணேல்லையே!"

அன்றைக்குப் பிறந்ததுதான் அவருடைய முறை. விடிந்ததும் கிணற்றடியில் நின்று ஒரு சொல்லின் விளக்கத்தைச் சத்தமாக வாசிப்பார். பகலில் அந்தச் சொல் நடக்கிற இடத்தைத் தேடிப் போவார். எங்கேயும் நடக்கவில்லையென்றால் தானே நடத்திப் பார்ப்பார். இந்தக் கடைசிப் பகுதிதான் ஊருக்கு வினையாக முடிந்தது.

'ரிலக்டன்ட்' கழுதையில் கிடைத்தது. மன்னாரில் மனிதருக்குச் சமமாகத் தெருவில் நடமாடுபவை கழுதைகள். அதில் ஒன்றின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, பஸ் நிலையத்துக்கு முன்னால் நடுத்தெருவில் வைத்து இழுத்தார். கழுதை நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. பின்னால் பஸ் நின்றது, பஸ்ஸுக்குப் பின்னால் ஐஸ் லொறி நின்றது. சாரதிமார் அவருடைய வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள். அவரோ கழுதையின் முகத்துக்கு நேரே குனிந்து நின்று என்னைக் கூப்பிட்டார். "வந்து பாருங்கோ தம்பி. இதுக்கு ஏலாமல் இல்லை. நல்லா ஏலும். ஆனா மனம் வருகுதில்லை. இப்பதான் விளங்குது!" நான் அவரை யாரென்றே தெரியாதவன் மாதிரி மற்றப் பக்கத்தால் போய்விட்டேன்.

பேரம் பேசுவதற்கான ஆங்கிலச் சொல் மீன் விற்கிற மதலேனாக்காவின் தலையில் விடிந்தது. மதலேனாக்கா கத்தி மாதிரி வாயும், வாய் மாதிரிக் கத்தியும் உள்ளவர். காலையில் அவர் முன்னால் போய்க் குந்திய சந்தர்ப்பம் ஒரு பாரை மீனுக்கு விலை கேட்டார், குறைத்தார், கூட்டினார், எழும்பிப் போனார், திரும்பி வந்தார். வெயில் ஏறி மீன் கண் மங்கும் வரை பேரம் நடந்தது. கடைசியில் அந்த மனுசி அலுத்துப்போய், "சரி, கேட்ட விலைக்கே கொண்டு போங்கோ" என்றதும் இவர் எழும்பி நன்றி சொன்னார்.

"மீன் வேண்டாமோ?"

"இல்லை அக்கா. விளக்கத்தில பேரம் பேசுறது மட்டும்தான் கிடக்கு. வாங்கச் சொல்லி இல்லை."

அன்று மதலேனாக்கா சொன்ன சொற்களுக்கு எந்த அகராதியிலும் விளக்கம் கிடையாது.

பிறகு 'கம்ப்ளெயின்.' முறைப்பாடு செய்வது. எங்கள் வீட்டுக்காரி திரேசம்மாக்கா கணவனை இழந்தவர். அறையை வாடகைக்கு விட்டு, எங்களுக்குச் சமைத்துப்போட்டுத்தான் சீவியம் நடத்தினார். அவருடைய கணவாய்க் கறிக்கு நான் அடிமை. சந்தர்ப்பம் ஒரு நாள் முழுக்க அந்தச் சாப்பாட்டைக் குறை சொன்னார். காலையில் புட்டில் தேங்காய்ப்பூ காணாது, மத்தியானம் சோறு குழைவு, பின்னேரம் தேத்தண்ணியில் புகை மணம். எல்லாம் பொய். திரேசம்மாக்கா ஒன்றும் பேசாமல் அவருடைய கட்டிலைத் தூக்கி முற்றத்தில் போட்டார். மாதக் கடைசியோடு வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்றார். இவர் முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "பாத்தீங்களோ தம்பி, வீட்டை விட்டு எழுப்புறதுக்கும் ஒரு சொல் கிடக்கு. அது செலவில்லாமல் வந்திட்டுது" என்று சந்தோசப்பட்டார்.

எல்லாவற்றிலும் மோசமானது 'இன்டரப்ட்.' இடையில் குறுக்கிடுவது. மாதா கோயிலில் மத்தியான மணியை மும்மூன்றாக விட்டுவிட்டு அடித்து, கடைசியில் நீளமாக அடிப்பார்கள். அடிப்பவர் சவிரிமுத்தர். வாய் திறக்காத மனிதர். அவர் இரண்டாவது மும்மணியை முடித்துவிட்டுக் கயிற்றோடு நிற்கும்போது, இவர் போய்க் காதுக்குள், "அண்ணை, மணி அடிக்கேக்க ஆரும் இடையில கதைச்சா உங்களுக்குக் குழப்பமா இருக்குமோ?" என்று கேட்டுவிட்டார். சவிரிமுத்தருக்கு எண்ணிக்கை தவறிப்போயிற்று. தொடரவும் பயம், திரும்பத் தொடங்கவும் பயம். கயிற்றை விட்டுவிட்டார். ஊரெல்லாம் சிலுவை போட்ட கையை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் சனம் நின்றது. சவிரிமுத்தர் அதற்குப் பிறகு இவரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் போய்விடுவார்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் அது போர்க்காலம். மன்னார்த் தீவுக்குள் வருவதென்றாலும் போவதென்றாலும் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்வையை நிலத்தில் வைத்துக்கொண்டு, வரிசையில் நடக்க வேண்டும். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு நடந்த காலம். அப்படிப்பட்ட இடத்தைத்தான் இந்த மனிதர் ஒரு சொல்லுக்காகத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, ஊருக்குப் போவதற்காக நான் அந்த வரிசையில் நின்றேன். வெயில் அப்போதே சுட்டது. தெருவோர மணலில் ஓர் ஆள் சாவடியை நோக்கி வருவது தெரிந்தது. கொஞ்சம் நடந்தார். நின்றார். திரும்பிப் பார்த்தார். மறுபடி நடந்தார். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி இருந்துகொண்டு காவலில் நின்ற சிப்பாயைக் கடைக்கண்ணால் பார்த்தார். சிப்பாய் பார்த்ததும் வெடுக்கென்று முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார். கழுத்துவரை பூட்டிய சேட்டுக்குள்ளே, வயிற்றுக்கு மேலே, சதுரமாக ஏதோ புடைத்துக்கொண்டு நின்றது.

சேட்டுக்குள் புடைத்துக்கொண்டு நிற்பது என்னவாக இருக்கலாம் என்று அந்தக் காலத்து மன்னாரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் பிள்ளையை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். இன்றைக்கு என்ன சொல்லாக இருக்கும் என்று என் மனம் ஆங்கிலத்தில் தேடியது. கிடைத்தது. 'சஸ்பிஷஸ்.' சந்தேகத்துக்கு இடமானது.

சிப்பாய் துவக்கை உயர்த்திக்கொண்டு சிங்களத்தில் கத்தினான். மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இன்னும் சிலர் ஓடி வந்தார்கள். நாங்கள் எல்லோரும் நிலத்தில் விழுந்தோம். சந்தர்ப்பம் மெல்ல இரண்டு கையையும் மேலே தூக்கினார். கை ஏற ஏறச் சேட்டும் ஏறியது. உள்ளே இருந்தது வழுக்கி வந்து தொப்பென்று தெருவில் விழுந்தது. மூச்சு விட ஒருவருக்கும் துணிவில்லை. அது மல்லாந்து விரிந்து, கடல் காற்றில் தாள்கள் படபடவென்று புரண்டன. அகராதி.

இன்றுவரைக்கும் என்னால் மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் முகம் மலர்ந்திருந்தது. கழுதைக்கு முன்னால் குனிந்து நின்றபோது இருந்த அதே முகம். தன்னைப் பார்க்கிற சிப்பாயின் கண்ணைப் பார்த்து, ஆகா, இதுதானா அது என்று ரசித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் அந்தக் கண்ணுக்குக் கீழே துவக்கு இருப்பதைக் கண்டார் போலிருக்கிறது. சிரிப்பு வற்றிவிட்டது. அவரைப் பயந்த முகத்தோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாவடிக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருத்தினார்கள். வரிசை மறுபடி நகர்ந்தது. என் பஸ் புறப்பட்டது. நான் ஏறவில்லை. ஓடிப்போய்விட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதருக்கு அங்கே என்னைத் தவிர நாதியில்லை. அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பொறுப்பாக இருந்த அதிகாரியிடம் போனேன். இளம் பெடியன். மீசை அப்போதுதான் அரும்பி இருந்தது. தெற்கில் வேலை செய்த காலத்தில் பொறுக்கிய சிங்களம் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

"மாத்தையா, அவர் அரசாங்கக் கிளார்க். இங்கிலீஸ் படிக்கிறார்."

"இங்கிலீஸ் படிக்கிறவன் பள்ளிக்கூடத்துக்குப் போவான். இங்கே ஏன் வந்தான்? அடையாள அட்டை எங்கே?"

கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டேன். "அண்ணை, அட்டை எங்க?"

"அறையில விட்டிட்டு வந்திட்டன் தம்பி. அட்டை கையில இருந்தாச் சந்தேகம் குறைஞ்சிடும் எல்லே!"

இதை நான் எப்படி மொழிபெயர்க்க? சந்தர்ப்பத்தை வைத்துச் சொல் படிக்கிற முறையை விளக்க என் சிங்களம் போதாது. யோசித்துப் பார்த்தேன். சுருக்கமான வழி ஒன்றுதான் இருந்தது. நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் காட்டி, "பிஸ்ஸு மாத்தையா" என்றேன். பைத்தியம் என்று அர்த்தம். அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. பாவம், ஆள் தப்பிவிட்டார் என்று நினைத்தேன். அதற்குள் கொட்டிலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நோ சேர்! ஐ ஆம் கம்ப்ளீட்லி நோர்மல்!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சிப்பாயின் துவக்கை நானே கேட்டு வாங்கியிருப்பேன்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தான். இப்போது சந்தேகம் என் மேலும் விழுந்துவிட்டது. "நீ பைத்தியம் என்கிறாய். அவன் இல்லை என்கிறான். சிநேகிதனுக்காகச் சிநேகிதன் பொய் சொல்வான்" என்றான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான். "மத்தியானத்துக்குப் பிறகு பெரிய முகாமுக்கு ட்ரக் போகும். இவன் அதில் போவான். அதற்கு முன்னால், இவனைப் பிடிக்காத ஆட்கள் யாராவது வந்து இவன் இப்படிப்பட்டவன்தான் என்று சொல்லட்டும். அப்போது பார்க்கலாம்."

ட்ரக்கில் ஏறிய ஆளைத் தேடி முகாம் முகாமாக அலைகிற தாய்மாரை நாங்கள் தினமும் கண்டுகொண்டிருந்தோம். அவருக்குத் தாயும் இல்லை. அலைவதற்கும் ஆளில்லை. ஆனால் அவரைப் பிடிக்காத ஆட்களுக்கு மட்டும் மன்னாரில் பஞ்சமே இல்லை. பாலத்தடித் தேத்தண்ணிக் கடைக்காரரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பறந்தேன்.

திரேசம்மாக்கா அடுப்படியில் இருந்தார். மூச்சு வாங்க விசயத்தைச் சொன்னேன்.

"பிடிச்சுக்கொண்டு போகட்டும்! அந்த மனிசன்ர கட்டிலை நான் இண்டைக்கே தெருவில எறியிறன்" என்றார். சொல்லிக்கொண்டே பானைத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினார். அறைக்குள் போய், முற்றத்திலிருந்து திரும்ப உள்ளே வந்திருந்த கட்டிலில் தலையணைக்குக் கீழே கிடந்த அடையாள அட்டையை எடுத்தார். கோயிலுக்குக் கட்டுகிற சேலையை மாற்றிக்கொண்டு வந்து என் சைக்கிள் கரியரில் ஏறினார். சாவடிக்குப் போய் ஒருவருக்காகக் கதைத்தால் நாளைக்குத் தன் வீட்டையும் வந்து தட்டலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

மதலேனாக்கா சுறா ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா வேணும்! என்ர பாரை மீனுக்குக் கடவுள் குடுத்த கூலி!" கத்தியை ஓங்கிப் பலகையில் குத்தினார். "எத்தினை மணிக்கு ட்ரக்?"

"மத்தியானத்துக்குப் பிறகு எண்டுதான் சொன்னவன் அக்கா."

மிச்ச மீனைச் சாக்கால் மூடினார். மீன் வாங்க நின்ற ஆளின் சைக்கிளைப் பிடித்து, பின்னால் ஏறி உட்கார்ந்து, அவரையே ஓட்டச் சொன்னார். மீன் வாங்க வந்தவருக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது. இருந்தாலும் ஓட்டினார். மதலேனாக்காவிடம் மறுத்துப் பேசி யாரும் பழகியதில்லை.

சவிரிமுத்தரைத் தேடிக் கோயிலுக்குப் போனேன். மணிக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நான் வரமாட்டன் தம்பி" என்றார்.

"ஐயா, ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

"என்ர தம்பி அந்தப் பாலத்தாலதான் போனவன். திரும்பி வரேல்லை. அதுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் காலடி வைக்கேல்லை." கயிற்றைப் பிடித்தார். "மணி அடிக்கிற நேரமாச்சு. நீங்கள் போங்கோ."

இதற்கு மேல் என்ன கேட்பது? திரேசம்மாக்காவை ஏற்றிக்கொண்டு மிதித்தேன். எங்களுக்குப் பின்னால் மத்தியான மணி அடித்தது. அன்று ஒரு மணியும் பிசகவில்லை.

சாவடிக்கு முன்னால் இரண்டு பெண்களும் முதலில் நடுங்கிக்கொண்டுதான் நின்றார்கள். அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்தான். "இது இவன் யார் என்று சொல்கிறது. ஏன் இப்படிச் செய்தான் என்று சொல்லவில்லை. இந்த ஆள் உங்களுக்கு என்ன செய்தான்?" என்று கேட்டான். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது.

"என்ன செய்தவரோ? கேளுங்கோ ஐயா! விடிய வந்து குந்தினவர் வெயில் உச்சிக்கு ஏறுமட்டும் எழும்பேல்லை. ஒரு முழுப் பாரை! வேண்டுறன் வேண்டுறன் எண்டு சொல்லி, கடைசியில புத்தகத்தில வேண்டச் சொல்லி இல்லையாம்!"

"என்ர புட்டைக் குறை சொன்னவர் ஐயா! மன்னார்த் தீவில ஆரும் இதுவரைக்கும் என்ர புட்டைக் குறை சொன்னதில்லை! தம்பி, அதைச் சொல்லுங்கோ அவருக்கு!"

புட்டுக்குச் சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். பாரை மீனுக்குத்தான் நான் திண்டாடிப்போனேன். இரண்டு பேரும் துவக்கை மறந்துவிட்டார்கள். ஆமியை மறந்துவிட்டார்கள். கொட்டில் பக்கம் திரும்பி அவரை நேராகவே ஏசத் தொடங்கினார்கள். அவர் உள்ளேயிருந்து, "அது உண்மைதான் அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று ஒவ்வொன்றுக்கும் ஒத்துக்கொண்டார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. மற்றப் பக்கம், பாலத்தின் அந்தக் கரையிலிருந்து பச்சை நிற ட்ரக் ஒன்று வந்துகொண்டிருந்தது.

ட்ரக் வந்து நின்றது. இயந்திரத்தை நிறுத்தவில்லை. பின்பலகையை இறக்கினார்கள். அதிகாரி எங்களைப் பார்த்தான், ட்ரக்கைப் பார்த்தான்.

"நன்றாகப் பேசுகிறார்கள். ஆனால் வருகிற வழியில் நீ சொல்லிக்கொடுத்திருக்கலாம்" என்றான்.

நான் இல்லை மாத்தையா என்று சொல்ல வாயெடுத்தேன். திரேசம்மாக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தார். அவருடைய விரல் பதிந்த தடம் பின்னேரம் வரைக்கும் கிடந்தது. கொட்டிலுக்குள்ளிருந்து சந்தர்ப்பத்தை வெளியே கொண்டுவந்தார்கள். முகத்தில் இரத்தமே இல்லை. அந்தச் சேட்டு மட்டும் இன்னும் கழுத்துவரை பூட்டியபடி இருந்தது.

அப்போதுதான் தெருவில் ஒருவர் வருவதைக் கண்டேன். செருப்பில்லாத கால். கையில் செபமாலை. சவிரிமுத்தர். சாவடிக்குக் கொஞ்சம் தூரத்தில் கால் நின்றுவிட்டது. பிறகு இழுத்து இழுத்து வைத்து வந்தார். எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று நிலத்தைப் பார்த்தார்.

"இவருக்கு என்ன செய்தான்?" அதிகாரி கேட்டான்.

அவருடைய உதடு அசைந்தது. குரல் பிந்தித்தான் வந்தது. "மணி அடிக்கேக்க இடையில கதைச்சவர். எண்ணிக்கை பிசகிப்போச்சு. பாதியில விட்டிட்டன்."

மொழிபெயர்த்தேன். அதிகாரியின் முகம் மாறியது. "எப்போது?" என்று கேட்டான். "பெருநாளுக்கு முந்தின கிழமை" என்றார் சவிரிமுத்தர். அதிகாரி பின்னால் திரும்பி நரைத்த தலையோடு நின்ற ஒரு சார்ஜனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். சார்ஜன் சந்தர்ப்பத்தைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அன்றைக்குக் காற்று இந்தப் பக்கம் அடித்தது" என்றான் அதிகாரி. "மணி பாதியில் நின்றதை நாங்களும் கேட்டோம். யாருக்கோ சமிக்ஞை கொடுக்கிறார்கள் என்று நினைத்தோம். எல்லோரும் பதுங்கு குழிக்குள் இறங்கித் துவக்கை நீட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை இருந்தோம். மத்தியானச் சோறு ஒருவரும் தின்னவில்லை."

நான் இதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. காப்பாற்ற வந்த நாங்களே குழி தோண்டிவிட்டோம். ட்ரக் சாரதி ஹோர்ன் அடித்தான். அதிகாரி சந்தர்ப்பத்துக்குக் கிட்டப் போய், முதல் முறையாக ஆங்கிலத்தில் கேட்டான்.

"வட் வோஸ் த வேர்ட்?"

பாரை மீனையும் புட்டையும் அகராதியோடு பொருத்திப் பார்த்துவிட்டு, மணி நின்ற அன்றைக்கு என்ன சொல் என்று கேட்கிறான். சந்தர்ப்பம் எச்சிலை விழுங்கினார்.

"இன்டரப்ட், சேர்."

அதிகாரி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பைத் துடைத்துவிட்டிருந்தான். சார்ஜன் மட்டும் சிரிக்கவே இல்லை. அவருக்கு அந்தச் சோற்று ஞாபகம் போகவில்லை. அதிகாரி ட்ரக்கைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். தெருவில் கிடந்த அகராதியை எடுத்து மணலைத் தட்டி என்னிடம் தந்தான். "அந்த மணியை நீ சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. இவனைக் கொண்டு போ. இனி வீட்டுக்குள்ளே இருந்து படிக்கச் சொல்" என்றான்.

பாலத்தடியைத் தாண்டியதும் மதலேனாக்கா தொடங்கினார். சுறாவுக்கும் சேர்த்து ஏசினார். திரேசம்மாக்கா, மாதக் கடைசி வரைக்கும் பொறுக்க ஏலாது, நாளைக்கே எழும்ப வேண்டும் என்றார். நான் என் பங்குக்கு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். சந்தர்ப்பம் சவிரிமுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய நடைக்குத் தன் நடையைக் குறைத்து, பக்கத்தில் நடந்து வந்தார்.

பள்ளிமுனைக்குத் திரும்பும் சந்தியில் என்னை மெல்லக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் படிக்கப் போன சொல்லு அந்தப் பெடியன் என்னைப் பாத்த உடனேயே விளங்கிட்டுது. மிச்ச நேரம் முழுக்க அந்தக் கொட்டிலுக்குள்ள இருந்து யோசிச்சுப் பாத்தன். இவையள் ஏன் வந்தவை எண்டதுதான் எனக்கு விளங்கவே இல்லை."

சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்களும் இன்னும் அவரை ஏசிக்கொண்டுதான் போனார்கள். அந்த மனிதர் மேல் எங்களுக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறது என்பது, ட்ரக் வந்து நின்று பின்பலகையை இறக்கும் வரைக்கும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.